கியர்பாக்ஸை இறக்கியும் நிற்காத ஆயில் சொட்டு: ஒரு ஜிப்ஸி வண்டியின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் சிறிய அளவில் தேயிலை பயிரிடும் விவசாயி ஒருவரின் மாருதி ஜிப்ஸி கிங் வண்டியில் 2022-ஆம் ஆண்டு தோன்றிய ஆயில் கசிவையும், அதை நிறுத்த மூன்று முறை வேலை செய்ய நேர்ந்ததையும் இங்கே பதிவு செய்கிறோம். அவற்றில் முதல் வேலை வேறொரு பட்டறையில் நடந்தது. மற்ற இரண்டும் எங்கள் பட்டறையில் நடந்தவை. இரண்டாவது வேலையில் நாங்கள் செய்த தவறையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

வண்டி 1999 மாடல். கார்புரேட்டர் பொருத்திய 1,298 சிசி பெட்ரோல் என்ஜின். ஜிப்ஸியில் என்ஜின் நெடுக்குவாட்டில் அமர்ந்திருப்பதால் சிலிண்டர் ஹெட்டின் பின்முனை ஃபயர்வால் தகட்டை (என்ஜின் அறையையும் பயணிகள் பகுதியையும் பிரிக்கும் தடுப்பு) நெருங்கியே இருக்கும். அந்தப் பின்முனையில்தான் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் பற்சக்கரங்களைக் கொண்ட கியர் கேஸ் பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, கிளட்சை மூடியிருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங் இருக்கிறது. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாக விளங்கும்.

உரிமையாளர் அறுபது வயதைக் கடந்தவர், வண்டியைத் தம் கையாலேயே ஓட்டுபவர். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், தோட்டத்திலிருந்து இலை வாங்கும் ஃபாக்டரிக்கு நான்கு கிலோமீட்டர், பிறகு வீடு என்பதே வண்டியின் அன்றாட ஓட்டம். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் போய்வருவார். அதைத் தவிர நெடுந்தூரப் பயணம் கிடையாது. சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள குளிர்ந்த ஊரில் இப்படிக் குட்டிக் குட்டி ஓட்டங்களாகவே ஓடும் என்ஜின், முழுச் சூட்டை எட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் அணைக்கப்பட்டுவிடுகிறது. இந்தச் செய்தியை அவர் முதல் நாளே எங்களிடம் சொன்னார். அதற்குரிய எடையை நாங்கள் அப்போது கொடுக்கவில்லை.

முதல் வேலை: பின்புற கிராங்க் ஆயில் சீல்

ஆகஸ்ட் மாதம் வண்டி நிற்கும் இடத்தில், கிளட்ச் ஹவுசிங்குக்கு நேர் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை தெரியத் தொடங்கியது. செப்டம்பரில் வேறொரு பட்டறையில் காட்டியபோது, கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் போய்விட்டது என்று சொல்லி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றிப் புது சீல் போட்டிருக்கிறார்கள். ஹவுசிங்கின் அடியில் சொட்டினால் பின் சீல் என்று முடிவு கட்டுவது நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்தப் பட்டறையை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் கூலியும் பொருளும் சேர்ந்து ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானபின், பத்தே நாளில் அதே இடத்தில் அதே கறை விழுந்தது.

எங்களிடம் வந்தபோது கண்டவை

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் வண்டி எங்களிடம் வந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருப்பதாக உரிமையாளர் கூறினார். ஆயில் எரிந்து குறைகிறதா என்று அறிய, காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தும், சூடானபின் ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டும் பார்த்தோம். நீலப் புகை எதுவும் வரவில்லை. சொட்டிய எண்ணெயைக் காகிதத்தில் ஏந்திப் பார்த்ததில் அது கறுத்தும் மெலிந்தும் இருந்தது. கியர் ஆயிலுக்கு உரிய கந்தக நெடி இல்லை. ஆகவே கசிவது என்ஜின் ஆயில் என்பதில் ஐயமில்லை.

உரிமையாளர் டேஷ்போர்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். முந்தைய பட்டறை கழற்றிய பழைய சீல் அதில் இருந்தது. ‘காசு கொடுத்து மாத்துன சாமான், எதுக்கும் இருக்கட்டும்னு வாங்கி வெச்சேன் தம்பி’ என்றார். அந்த சீலைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். அதன் உதடு இன்னும் மென்மையாக இருந்தது, சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, வெடிப்போ மடிப்போ எங்கும் இல்லை. ஸ்பிரிங்கும் தன் இடத்தில் இருந்தது. இவ்வளவு நல்ல நிலையிலுள்ள சீல் அறுநூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டரைக் கசியவிட்டிருக்காது. இந்த வண்டியைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் உருப்படியான தடயம் அதுவே. அன்றுமுதல் கழற்றிய பாகத்தை உரிமையாளரிடம் கொடுத்தனுப்பும் வழக்கத்தை எங்கள் பட்டறையில் கட்டாயமாக்கிவிட்டோம்.

அடுத்து கிளட்ச் ஹவுசிங்கின் அடித்தகட்டைக் கழற்றி உட்புறம் பார்த்தோம். ஃப்ளைவீலின் பின்முகம் காய்ந்த தூசியுடன் இருந்தது. உள்சுவரில் ஈரமே இல்லை. பின் சீல் கசிந்தால் முதலில் நனைவது உட்புறம். இங்கே நனைந்திருந்தது வெளிப்புறம் மட்டும். அதுவும் ஹவுசிங்கின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வழிந்த கோடாக இருந்தது. ஆயில் மேலேயிருந்துதான் வருகிறது.

வழக்கமான சோதனையின்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததில், அதன் அடியில் வெண்ணெய் போன்ற வெளிர்மஞ்சள் பசை விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஹெட் கேஸ்கெட் பழுதாகி ஆயிலில் கூலன்ட் கலந்தாலும் இப்படிப் பசை தோன்றும். ஆனால் கூலன்ட் அளவு குறையாமலும், ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் இல்லாமலும் இருந்ததால் ஹெட் கேஸ்கெட் மீது சந்தேகம் எழவில்லை. மலையில் ஓடும் வண்டிகளில் குளிர்காலத்தில் இந்தப் பசையைக் காண்பது சாதாரணம் என்பதால், ஜாப் கார்டில் ‘மூடியில் பசை – குளிர்’ என்று மூன்று சொல்லில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

ஊற்றைத் தேடிய விதம்

ஹெட்டின் பின்முனைக்கும் ஃபயர்வாலுக்கும் இடையிலுள்ள சந்தில் கை நுழையும், ஆனால் கண் நுழையாது. நீள்கம்பிக் கண்ணாடியையும் செல்பேசிக் கேமராவையும் விட்டுப் பார்த்தபோது எல்லாமே கறுப்பு எண்ணெய்ச் சேறாகத் தெரிந்தது. நனைந்த இடமெல்லாம் கசியும் இடம் அல்ல. ரேடியேட்டர் விசிறியின் காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளும், புவியீர்ப்பு கீழ்நோக்கி இழுக்கும். எனவே நனைந்த பரப்பின் மிக உயர்ந்த, மிக முன்னுள்ள புள்ளியைத்தான் தேட வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிவிட்டு, பின்பகுதி முழுவதையும் டீசலும் தூரிகையும் கொண்டு இரண்டு முறை கழுவி, காற்றடித்து உலர்த்தினோம். பிறகு சாதாரண முகப்பவுடரை ஒரு ரப்பர் பல்பில் நிரப்பி, வால்வ் கவரின் பின்விளிம்பு, டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்து, கியர் கேஸ் ஹெட்டோடு சேரும் இடம் ஆகிய மூன்றிலும் வெண்மையாகப் படியும்படி ஊதினோம். ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கும் முறை நல்லதுதான். ஆனாலும் கழுவிய பரப்பில் பவுடர் காட்டும் கோட்டை எந்தக் கண்ணும் தவறவிடாது.

சமதளத்தில் இருபது நிமிடம் என்ஜினை ஓடவிட்டோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. இங்கே உரிமையாளர் முன்பு சொன்ன ஒரு சொல் உதவிற்று. வீட்டு வாசலில் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நின்றால் கறை பெரிதாகவும், திருப்பி நிறுத்தினால் சிறிதாகவும் இருக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். மூக்கு உயர்ந்தால் ஹெட்டில் சுற்றும் ஆயில் பின்முனையில் தேங்கும். ஆகவே பட்டறைக்கு எதிரிலுள்ள சரிவில் வண்டியை மேல்நோக்கி நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு அண்டைக்கல் வைத்து, மறுபடியும் ஓடவிட்டோம். எட்டாவது நிமிடத்தில் கியர் கேஸும் ஹெட்டும் சேரும் கோட்டின் அடிப்பகுதியில், கடுகளவு கறும்புள்ளி ஒன்று வெள்ளைப் பவுடரில் தோன்றி, நூலாக நீண்டு கீழே இறங்கியது. வால்வ் கவர் விளிம்பும் டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தும் உலர்ந்தே இருந்தன.

வழியைத் தேர்ந்தது

கியர் கேஸின் ஓ-ரிங்கை (இணைப்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்ற வேண்டும் என்பது தெளிவு. எந்த வழியாக அங்கே போவது என்பதில்தான் பேச்சு எழுந்தது. என்ஜினை முழுவதுமாக இறக்கினால் எல்லாம் கண்ணெதிரே கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே ஒருமுறை பெருஞ்செலவு செய்தவரிடம் இன்னொரு பெருஞ்செலவைக் கேட்க மனம் வரவில்லை, இரண்டு நாள் வேலையும் ஆகும். மேலிருந்து கையைவிட்டுத் தடவியே கழற்றலாம் என்பது எங்கள் இளைய மெக்கானிக்கின் யோசனை. மேல் போல்ட்டுகள் அப்படி வந்துவிடும். கீழ்ப் போல்ட்டில் ஸ்பேனர் வழுக்கி முனை மழுங்கிவிட்டால், அலுமினிய ஹெட்டில் அதைத் துளையிட்டு எடுக்கும் நிலை வரும்.

நாங்கள் எடுத்தது இடைவழி. கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றி, அடியில் ஜாக்கி கொடுத்து, என்ஜினின் பின்பகுதியைச் சுமார் 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஃபயர்வாலிடம் வேலைக்குப் போதுமான இடம் பிறக்கும். அதற்குமுன் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றியுள்ள ஷ்ரௌடை (காற்றுக்கூட்டை) கழற்றுவது அவசியம். பின்பகுதி தாழும்போது முன்பகுதி உயர்ந்து விசிறி இறக்கை அதில் மோதும். எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பையும் தளர்த்தி, ஹீட்டர் குழாய்கள் இழுபடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள, மற்றொருவர் ஜாக்கியை இறக்கினார். ஜிப்ஸியில், விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியே ஒரு சிறு ஷாஃப்டால் இணைந்திருப்பதும் இந்த வழிக்குச் சாதகம்.

வேலை நடந்த விதம்

முதல் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் முடிவில் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ரோட்டர் நிற்கும் திசையை உடலிலும், உடல் நிற்கும் நிலையைக் கேஸிலும் ஆணியால் கீறிக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டோம். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே இழுக்கையில் சாய்ந்த பற்களால் ரோட்டர் சற்றுத் திரும்பும். எந்த இடத்தில் போய் நிற்கிறது என்பதையும் இரண்டாவது கீறலால் குறித்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது ஊகம் வேண்டியதில்லை.

சந்தின் அடியில் பழைய துணியை அடைத்துவிட்டுத்தான் போல்ட்டில் கைவைத்தோம். அங்கே விழும் போல்ட் எளிதில் கிடைப்பதில்லை. கீழ்ப் போல்ட்டுக்காக ஒரு பழைய 12-ஆம் எண் ரிங் ஸ்பேனரைப் பாதியாக அறுத்துத் தனிக் கருவி செய்தோம். பன்னிரண்டு முனை ரிங்கில் ஒரு தடவைக்கு முப்பது பாகைதான் திரும்பியது. அந்த ஒரு போல்ட் வெளிவர நாற்பது நிமிடம் ஆயிற்று.

கேஸ் வெளியே வந்ததும் காரணம் கையிலேயே கிடைத்தது. உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் வளையம் தட்டையாகி, பள்ளத்தின் வடிவத்தையே எடுத்திருந்தது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. லேசாக வளைத்ததும் உலர்ந்த சுள்ளிபோல் மூன்று துண்டாக ஒடிந்தது. ஹெட்டின் சூட்டில் இருபது ஆண்டுக்குமேல் இருந்த நைட்ரைல் ரப்பர் இப்படித்தான் ஆகும். யாரோ எப்போதோ கசிவை அடக்க வெளியிலிருந்து பூசிய சிலிக்கான் பேஸ்ட்டும் தோல்தோலாக உரிந்து வந்தது. அப்படிப்பட்ட பேஸ்ட் உட்புறம் உரிந்து ஆயில் சம்பில் விழுந்தால் ஸ்ட்ரெய்னர் வலையை அடைக்கக்கூடும் என்பதால், நாங்கள் அதை இந்த இடத்தில் பயன்படுத்துவதில்லை.

இரு முகங்களையும் மரச்சீவலால் சுரண்டித் துடைத்தோம். இரும்பு பிளேடு அலுமினியத்தில் கோடு போடும். சூட்டை அதிகம் தாங்கும் வைட்டான் ரப்பரில் அதே அளவு ஓ-ரிங்குகளைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்து, கேஸுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்துக்கும் சேர்த்து மாற்றினோம். இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கேஸைப் பூட்டியபின், டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குமுன், பற்சக்கரங்கள் உலர்ந்து ஓடாதிருக்கச் சுமார் 60 மில்லி என்ஜின் ஆயிலை அதற்குள் ஊற்றினோம். இதை மறப்பவர்கள் பலர். இறுதியாக டைமிங் லைட் வைத்து இக்னிஷனைச் சரிசெய்து, அதே சரிவில் நிறுத்தி முப்பது நிமிடம் ஓடவிட்டோம். பவுடர் வெள்ளையாக இருந்தது. வேலை முடிந்ததாக எண்ணி வண்டியை அனுப்பினோம்.

ஆறு வாரங்களுக்குப் பின்

நவம்பர் இறுதியில், வடகிழக்கு மழைக்கு நடுவில், வண்டி திரும்பி வந்தது. கறை முன்பைவிடச் சிறியது, ஆனால் அதே இடம். ‘அண்ணே, நம்ம ஓ-ரிங்கே போயிடுச்சா?’ என்று இளைய மெக்கானிக் கேட்டபோது என்னிடமும் பதில் இல்லை. பவுடர் சோதனையை மறுபடி செய்தோம். இம்முறை கியர் கேஸ் முழுக்க உலர்ந்திருந்தது. வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலையிலிருந்து எண்ணெய் கசிந்து, கேஸின் பக்கமாக வழிந்து, அதே பாதையில் ஹவுசிங்கை அடைந்திருந்தது.

அக்டோபரில் உலர்ந்திருந்த கேஸ்கெட் ஆறே வாரத்தில் கசிவது ஏன் என்ற கேள்வியில்தான் பழைய ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தோம். ‘மூடியில் பசை – குளிர்’ என்ற மூன்று சொல் அங்கே இருந்தது.

என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, அதன் வாய்மேல் ஒரு காகிதத் துண்டை வைத்தோம். என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸின் காற்றோட்டம் சரியாக இருந்தால் காகிதம் உள்ளிழுக்கப்பட்டு ஒட்டும். இங்கே அது மிதந்து, எழும்பி, நழுவியது. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்த பிசிவி வால்வை (கிராங்க் கேஸ் வாயுவை எரிவதற்காக மீண்டும் என்ஜினுக்குள் விடும் வால்வு) கழற்றிக் குலுக்கினால் உள்ளே ஊசி ஆடும் சத்தம் கேட்கவேண்டும்; எதுவும் கேட்கவில்லை. வால்வ் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் குழாயின் வளைவில் அதே வெண்ணெய்ப் பசை அடைத்து, பென்சில் முனை போகும் துளைதான் மிஞ்சியிருந்தது. ஒன்று அடைத்தாலும் மற்றொன்று வழியாக வாயு ஓரளவு வெளியேறிவிடும். இரண்டும் அடைந்ததால் பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயுவுக்கு வெளியேற வழியின்றி, எங்கே பிடிப்பு தளர்ந்ததோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் தளர்ந்தது பழைய ஓ-ரிங். அதை நாங்கள் இறுக அடைத்ததும் அடுத்த பலவீனமான மூலை திறந்துகொண்டது.

பசையின் மூலமும் இப்போது விளங்கியது. எரிதலில் பிறக்கும் நீராவி கிராங்க் கேஸில் இறங்கிக் குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. என்ஜின் நெடுநேரம் சூடாக ஓடினால் அது ஆவியாகிக் காற்றோட்டக் குழாய் வழியே போய்விடும். மூன்று, நான்கு கிலோமீட்டர் ஓட்டத்தில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து வாயு அதிகம் இறங்குகிறதா என்பதையும் விலக்க வேண்டியிருந்தது. கம்ப்ரெஷன் பார்த்ததில் நான்கு சிலிண்டரும் (சதுர சென்டிமீட்டருக்கு) 10 கிலோவை ஒட்டியே காட்டின. கையேட்டில் உள்ள அளவைவிட இது குறைவு. இதைக் கண்டு ரிங் போய்விட்டதென்று என்ஜினைப் பிரித்த பட்டறைகளை மலையில் நாங்கள் பார்த்திருக்கிறோம். 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கேஜில் வரும் அளவும் அதற்கேற்பக் குறையும். இங்கே பார்க்கவேண்டியது நான்குக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அது அரை கிலோவுக்குள் இருந்தது. எனவே ரிங்குகளைத் தொடவில்லை.

புதிய பிசிவி வால்வும், இரு குழாய்களும், வால்வ் கவர் கேஸ்கெட்டும் போட்டோம். ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றினோம். காகிதம் இம்முறை வாயில் ஒட்டிக்கொண்டது. எங்கள் கவனக்குறைவால் வந்த மூன்றாம் வேலை என்பதால் கூலி வாங்கவில்லை. பொருளுக்கு மட்டும் உரிமையாளர் பணம் கொடுத்தார். கூலியையும் வாங்கிக்கொள்ளும்படி அவர் சற்று வற்புறுத்தவும் செய்தார்.

விளைவு

டிசம்பரில் உரிமையாளரோடு நாங்களே வண்டியை மேட்டுப்பாளையம்வரை இறக்கி, திரும்ப 33 கிலோமீட்டர் மலையேற்றினோம். முழு ஏற்றத்திலும் மூக்கு உயர்ந்து, என்ஜின் நன்கு சூடாகி ஓடும் அந்தப் பாதையைவிடக் கடுமையான சோதனை எங்களிடம் இல்லை. ஊர் திரும்பியதும் வண்டியின் அடியில் விரித்த அட்டையில் மறுநாள் காலைவரை ஒரு சொட்டும் விழவில்லை. 2023 மார்ச்சில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் டிப்ஸ்டிக்கில் பார்த்தபோது குறைவு கோட்டளவுகூட இல்லை. 2024 ஜனவரியில், குளிர் உச்சத்தில் இருந்தபோது, மூடியின் அடியில் மெல்லிய பசைப்படலம் மீண்டும் தெரிந்தது. குழாய்கள் திறந்தே இருந்தன, கசிவு இல்லை.

மாற்றிக்கொண்டவை

ஆயில் கசிவென்று எந்த வண்டி வந்தாலும் கருவியை எடுக்குமுன் காகிதச் சோதனையைச் செய்து, முடிவை ஜாப் கார்டில் எழுதுகிறோம். அதற்கு ஒரு நிமிடம்தான் பிடிக்கிறது. ‘குளிர்’ என்பதைக் காரணமாக எழுதுவதை நிறுத்திவிட்டோம். பசை இருந்தால் பிசிவி வால்வையும் பிரீதர் குழாயையும் கழற்றிப் பார்ப்பது கட்டாயம்.

அக்டோபரிலேயே வால்வ் கவர் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றியிருந்தால் வண்டி திரும்பி வந்திருக்காது என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாற்றியிருந்தால் வாயு வேறொரு சீலைத் தேடியிருக்கும். ஒருவேளை முதல் பட்டறை போட்ட அந்தப் புதுப் பின் சீலையே வெளியே தள்ளியிருக்கும்; அப்போது கியர்பாக்ஸை இரண்டாம் முறையும் இறக்கியிருப்போம்.

உரிமையாளரிடம் நாங்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வாரத்துக்கு ஒருமுறையாவது என்ஜின் முழுச் சூட்டில் அரைமணி நேரம் ஓடட்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குன்னூர்வரை போய் வருகிறார். அறுத்துச் செய்த அந்த 12-ஆம் எண் ஸ்பேனர் பட்டறைச் சுவரில் தனி ஆணியில் தொங்குகிறது. இதுவரை இன்னும் இரண்டு ஜிப்ஸிகளுக்குப் பயன்பட்டிருக்கிறது.